செத்தவங்க யார் கணக்கு?

2022-ல் கத்தார் உலகக் கோப்பை நடந்தப்ப எங்க பிள்ளைச்சாவடியில பசங்க மெஸ்ஸிக்கு பேனர் கட்டினாங்க. நானும் ராத்திரி கண்முழிச்சுப் பார்த்தவன்தான். யோக்கியன் வேஷம் போடலை. பகலில் நான் உட்காருவது வங்கிக் கவுண்டரில். ஏஜெண்டுக்குப் பணம் கட்ட நகையை அடகு வைக்க வரும் அம்மாக்களுக்கு நகைக்கடன் சீட்டு எழுதுவது இந்தக் கைதான். கடல் அரித்த கரையிலிருந்தும் சேரியிலிருந்தும் கடனோடுதான் பையன்கள் விமானம் ஏறுகிறார்கள்.

போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வான் முதலாளி. அவன் சம்மதமில்லாமல் வேலை மாற முடியாது, நாடு திரும்ப முடியாது என்றிருந்தது. இதுக்குப் பேர் கஃபாலா. நமக்கென்ன புதுசா? ஆண்டை சொல்லாமல் பண்ணையாள் வேற பண்ணைக்குப் போக முடியாதே, அதேதான். 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மைதானங்கள் பெரும்பாலும் எழும்பிய பிறகு!

2010 முதல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கைத் தொழிலாளர் 6,500 பேருக்கு மேல் கத்தாரில் செத்ததாக 2021-ல் 'கார்டியன்' எழுதியது. எல்லா வேலைகளும் சேர்ந்த கணக்கு அது. பலருக்கு 'இயற்கை மரணம்' என்று சீட்டு. மைதானங்களில் எத்தனை பேர் என்று கேட்டால், வேலையால் செத்தது 3 பேர்தான் என்றது ஏற்பாட்டுக் குழு. 2022 நவம்பரில் அதன் தலைமைச் செயலாளரே டி.வி.யில் 400-லிருந்து 500 என்றார். உடனே, அது நாடு முழுக்க உள்ள கணக்கு என்று குழு மழுப்பியது. அந்த நான்கு வருஷத்தில் ஃபிஃபாவின் வருமானம் மட்டும் துல்லியமாகத் தெரியும். 750 கோடி டாலருக்கு மேல். கவுண்டரில் பத்து ரூபாய் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பான். ஆள் குறைந்தால் யாரிடம் பிடிப்பது?

'அரபுக்காரன் கொடுமை' என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம், தோழர்களே. 1982 டெல்லி ஆசியப் போட்டியை அப்பு யானையோடும் கலர் டி.வி.யோடும் நினைவு வைத்திருக்கிறது தேசம். அந்த மைதானங்களைக் கட்டியவனுக்கு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் தின்றான். பெண்ணுக்கு 7 ரூபாய். பதினாலு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டம் 23-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எழுதிய சட்டத்துக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டி. மறுபடி டெல்லி, மறுபடி நீதிமன்றம், மறுபடி அதே குறைகூலி.

மண் சுமக்கிறவன், கம்பி கட்டுகிறவன், மலக்குழி இறங்குகிறவன் என்ன சாதி என்று எந்த அறிக்கையாவது பெரிசாப் பேசுதா? 'புலம்பெயர் தொழிலாளி' என்ற நல்ல வார்த்தைக்குள் நம்ம ஆளை மறைத்துவிடுகிறார்கள். 1850-களில் இதே புதுச்சேரிக் கரையிலிருந்து மார்த்தினிக்குக்குக் கரும்பு வெட்டக் கப்பலேற்றினான் பிரெஞ்சுக்காரன். அவன் பதிவேட்டில் பேராவது எழுதினான்.

2030-ல் அகமதாபாத்தில் காமன்வெல்த், 2034-ல் சவூதியில் உலகக் கோப்பை. மாணவத் தோழர்களே, போட்டி பாருங்க, வேண்டாங்கலை. அதுக்கு முன்னாடி உங்க தெருவுல இருந்து யார் போறா, எந்த ஏஜெண்ட், எவ்வளவு கடன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. திரும்பி வராதவன் பேரையும் எழுதுங்க. அரசாங்கம் எண்ணாது. நாமதான் எண்ணணும்.