மற்போர் பொய்யா?

வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரும் அமெரிக்க மற்போரை யான் விரும்பிக் காண்பவன். “தமிழ் பயில்வானுக்கு இந்தப் பயில்வான்கள் எதற்கு? முடிவை முன்னரே வகுத்த பொய்ச் சண்டையன்றோ!” என நண்பர் நகைப்பர்.

முடிவு வகுக்கப்படுவது மறைபொருளன்று. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப் பெயர் கொண்ட நிறுவனத்தார், தம் தொழில் போட்டியன்று, பொழுதுபோக்கே என 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தார்க்கு ஒப்புக்கொண்டனர். வஞ்சனை இல்லாதவிடத்துப் பொய் ஏது?

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதாகப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியது மெய்ப்போர், இது கூத்து. கூத்து, திருத்தணிப் பக்கத்து அம்மையார்குப்பத்தார்க்குப் புதிதன்று. தொண்டைநாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் பதினெட்டாம் போரன்று துரியோதனன் வீழ்வான் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் வீமன் கதையை ஓங்குங்கால் களம் மூச்சடங்கி நிற்கும். முடிவை அறிதல் சுவையைக் கெடுப்பதில்லை.

ஆனால், வகுத்த கூத்திலும் வீழ்ச்சி மெய்யே. 1998-இல் மிக் ஃபோலி ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் உச்சியினின்று மேசைமீது வீழ்ந்தார். 1999-இல் ஓவன் ஹார்ட், அரங்கின் மேலிருந்து இறக்கப்படுங்கால் கயிற்றின் பிணைப்பு விடுபட்டு வீழ்ந்து மாண்டார். அன்றும் ஆட்டம் தொடர்ந்து நடந்தது!

ஆதலின், நாம் வினவத்தக்கது ‘இது பொய்யா?’ என்பதன்று, ‘நம் கைதட்டல் ஒருவனை எவ்வளவு உயரத்தினின்று வீழச் செய்கிறது?’ என்பதே. கூத்தைக் கண்டு களிப்போம், குருதியை வேண்டாதிருப்போம். மல்லனின் உடலும் இறைவன் உறையும் ஆலயமன்றோ!