ஓசி வேறு, அநாதை வேறு

'ஊருக்குப் பொதுவான மேப்தானே சார், அதை யார் வரைஞ்சா என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஓர் எதிர்க்கேள்வி. கோயில் ட்யூப்லைட்டில்கூட 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர் நம்முடையது. தெருத்தெருவாக அலைந்து உலகத்துக்கே மேப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு மட்டும் உபயம் எழுத ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

நான் சொல்வது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பற்றி. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. அப்போது அங்கே அரசு நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தைப் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டியிருந்தது. 'போங்கடா, நாமே வரைஞ்சுக்கலாம்' என்று கிளம்பினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்கள் குறித்து வைத்தது இந்த மேப்பின் மேல்தான்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் பிடித்தது, கணக்கு வழக்கு. எந்தக் கோட்டை யார், எந்தத் தேதியில் இழுத்தார், யார் திருத்தினார்... எல்லாம் பதிவாகும். எதைப் பார்த்து வரைந்தார் என்றும் எழுதச் சொல்கிறார்கள். கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்தால் அது களவு; அனுமதி இல்லை.

ஏன் இவ்வளவு கறார்? மேப் திருட்டு என்பது சில்லறை விவகாரம் இல்லை. பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தன் மேப்பைக் காப்பியடித்தது என்று ஆர்ட்னன்ஸ் சர்வே வழக்குப் போட்டது. சாலையின் அகலத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பது மாதிரி சின்ன அடையாளங்களே காட்டிக்கொடுத்தன. 2001-ல் 2 கோடி பவுண்டு கொடுத்து சமரசம் ஆனார்கள். ஓசியில் உழைக்கிறவர்கள் அத்தனை பணத்துக்கு எங்கே போவார்கள்? தப்பு நுழைந்தால் யார் செய்தது என்று தேடி, அந்தக் கோட்டை மட்டும் பிடுங்கி எறிய வேண்டும். அதற்குப் பேரேடு வேண்டும்.

2012-ல் இந்தப் பேரேடு நிஜமான சோதனையைச் சந்தித்தது. உரிமத்தை மாற்ற முடிவு செய்து, வரைந்தவர்களிடம் சம்மதம் கேட்டார்கள். ஒருவர் போட்ட ரோட்டை இன்னொருவர் நேராக்கியிருப்பார், மூன்றாமவர் பெயர் எழுதியிருப்பார். முதல் ஆள் 'மாட்டேன்' என்றால்? பாகப்பிரிவினை மாதிரி அவர் பங்கைத் தேடிப் பிரித்து, அழித்தார்கள். பல இடங்களில் மேப் ஓட்டையானது. ஆனாலும் சம்மதிக்காதவரின் உழைப்பைச் சுருட்டிக்கொள்ளவில்லை. அதுதான் நேர்மை!

குறை இல்லாமல் இல்லை. ஒரு ரோட்டை இரண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்குப் புது நம்பர் விழும். அதன் சரித்திரத்தில் முதல் பெயர் வெட்டியவருடையது. வரைந்தவர் காணாமல் போகிறார். உட்பிரிவு செய்த மனைக்குத் தாய்ப்பத்திரம் கேட்கிறோமே, இதற்கும் அது வேண்டாமா? சரிசெய்தே ஆக வேண்டும்.

கூலி வாங்காதவர்கள் கணக்கில் இத்தனை கவனம். கோடிகளில் புரளும் கம்பெனிகளோ? 2012 மார்ச்சில் ஆப்பிள் தன் ஐபோட்டோவில் இந்த மேப்பைப் போட்டது, பெயர் போடாமல். ஊரெல்லாம் சத்தம் கேட்ட பிறகுதான் நன்றி சொன்னது. இன்றைக்கும் அந்த வரியைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒளித்துவைக்கிற ஆப்கள் உண்டு.

'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்' என்று ஒரு வரி. விலை அவ்வளவுதான். ஆள் ஆளாகப் பெயர் போடச் சொல்லவில்லை. அந்த வரியைப் பிடித்துப் போனால் பேரேட்டில் எல்லாப் பெயரும் இருக்கிறது. வரியை எடுத்துவிட்டால், உங்கள் தெரு தப்பாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? கம்பெனி கஸ்டமர் கேரிடமா? இந்த மேப்பில் நீங்களே திருத்தலாம். அந்த வாசல் இருப்பதையே மறைப்பதுதான் பெரிய திருட்டு.

இன்று உங்கள் போனில் மேப் காட்டும் ஆப் எதையாவது திறந்தால், மூலையைப் பாருங்கள். ஊர் மேப்பை வாங்கிக்கொண்டு ஊர் பேரைப் போடவில்லை என்றால், ஒரு மெயில் தட்டுங்கள். ஓசியில் கொடுத்தவன் ஏமாளி இல்லை!