குப்பையும் குற்றமும்

தாம்பரத்தில் வாழ்வோர்க்கு மின்தொடர் வண்டியைப் போலவே குப்பை மேடும் அன்றாடக் காட்சி. வண்டி பிடிக்க விரையும் காலைக் கூட்டத்தில் ஒருவனாக நானும் இருபது ஆண்டுகளாக ஒரே தெருவழியே நடந்து வருகின்றேன். அத்தெருமுனைச் சுவரில், 'இங்கு குப்பை கொட்டாதீர். மீறுவோர்க்கு அபராதம் விதிக்கப்படும்' என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்தின் கீழ்ப்பாதியை நான் படித்த நாள்கள் மிகச் சில. மற்ற நாள்களில் குப்பையே அதனை மறைத்துவிடும். அதைக் கண்டு நகைத்துக்கொண்டே கடந்து செல்வேன். கல்லூரிக்கு வந்ததும் ஆசிரியர் அறையில், "சட்டம் இருக்கிறது, செயற்படுத்துவார் இல்லை. அபராதத்தைப் பத்து மடங்காக்கினால் ஊர் தானே திருந்தும்" என்று மற்றவரோடு சேர்ந்து நானும் தீர்ப்புரைப்பேன். படித்தவர் கூடும் இடங்களிலெல்லாம் இத்தீர்ப்பு வழங்கப்பட்டு வருகின்றது. நானும் அதனை நம்பியிருந்தேன்.

அந்நம்பிக்கையை அசைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. விடுமுறை நாளொன்றில் வாசலில் அமர்ந்து நாளேடு படித்துக்கொண்டிருந்தேன். குப்பை வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மையார் வீடுதோறும் பைகளை வாங்கி, வண்டியின் அருகில் வைத்து அவிழ்த்து, கையால் பிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுப் பையும் அவற்றுள் ஒன்று. இறுக முடிச்சிட்டு, ஒழுகாமல், நாறாமல், ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட பை. அதனுள் முன்னாள் இரவு உடைந்த கண்ணாடித் தம்ளரின் துண்டுகள் மீந்துபோன சோற்றுக்குள் புதைந்திருந்தன. அவர் கையைச் சட்டென்று இழுத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். விரலிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என் துணைவியார் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடினார். "ஒண்ணுமில்லை பாய், எங்களுக்கு இது வழக்கந்தான்" என்று அந்த அம்மையார் எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார்.

தெருவில் குப்பையை வீசியவன் அல்லன் நான். முறைப்படி வண்டியில் கொடுத்தவன். எந்த அதிகாரியும் என் வாசலில் அபராதச் சீட்டோடு வந்து நின்றதில்லை. ஆயினும் அன்று குருதி சிந்தச் செய்த குப்பை என்னுடையது. தெருமுனைச் சுவரோரம் பொட்டலத்தை எறிந்தவனை நோக்கி நான் நீட்டிக்கொண்டிருந்த விரல் அன்று மடங்கிப்போயிற்று.

சட்டங்களுக்கு இந்நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 290ஆம் பிரிவு, பொதுத்தொல்லை விளைவிப்போருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்றது. அக்காலத்து 200 ரூபாய் ஒரு குடும்பம் பல மாதங்கள் உண்ணப் போதுமான பெருந்தொகை. வெள்ளையர் போனார், நாடு விடுதலை பெற்றது, அரிசி விலை எங்கோ ஏறிற்று, அந்த 200 ரூபாய் மட்டும் அசையவில்லை. 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில்தான் அது 1,000 ரூபாய் ஆயிற்று. 164 ஆண்டுகளில் ஐந்து மடங்கு! தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. எங்கள் இளமையில் மஞ்சள் பையோடு நகரப் பேருந்தில் ஏறியவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தார்கள். இன்று அரசே அதனைத் தாங்கச் சொல்கின்றது. இவையெல்லாம் நல்லனவே, வேண்டியனவே. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை எறியும் கையையும் விற்கும் கையையும் நோக்கியவை. 2016இல் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளோ, குப்பை உண்டாகும் வீட்டிலேயே அதனை மக்குவது, மக்காதது, தீங்கு தருவது என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. அபராதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாங்கள் ஆசிரியர் அறையில் இவ்விதியை ஒருநாளும் பேசியதில்லை. அது எங்களைக் குறித்த விதியல்லவா?

'குப்பை' என்னும் சொல்லைத் தமிழ் மாணவர்கள் சற்றே உற்றுநோக்க வேண்டும். பழந்தமிழில் அது கழிவைக் குறித்த சொல்லன்று, குவியலைக் குறித்தது. நெல்லின் குவியலும் குப்பையே. சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டு எவரும் மூக்கைப் பிடிப்பதில்லை. கலக்காமல் குவித்தால் செல்வம். கண்டதையும் கலந்து குவித்தால் நாற்றம். சொல்லின் பொருள் இழிந்ததற்கு மொழிநூலார் வேறு காரணம் கூறுவர். தாம்பரத்தில் குடியிருக்கும் எனக்கு இந்தக் காரணமே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

எங்கள் பகுதியின் குப்பைக் கதை நீர்நிலைகளின் கதையும் ஆகும். மேற்குத் தாம்பரம் கன்னடபாளையத்தில் ஆண்டுக்கணக்கில் குப்பை மலைபோல் உயர்ந்தது. சிட்லபாக்கம் ஏரியில் உள்ளாட்சியின் குப்பைக் கிடங்கே இருந்தது. பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடிச் சாலை இரண்டாகப் பிளந்தது. பிளந்தபின் எஞ்சியதில் ஊர்க்குப்பை கொட்டப்பட்டது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி தொடர்ந்து வழியும் நீர் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கின்றது. அச்சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் சென்னை மாநகரின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எழுந்தது. 2022இல் பள்ளிக்கரணை, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளுக்குப் புகலிடம் என்று உலகம் போற்றும் நிலத்தை நாம் குப்பைக்குப் புகலிடமாக வைத்திருந்தோம்.

இம்மலைகளை எழுப்பியவர் யார்? தெருவில் வீசியவர் அல்லர். வீசிய குப்பை மலையாவதில்லை; காற்றில் பறந்தும் கால்வாயில் அடைத்தும் போய்விடும். நாம் முடிச்சிட்டு, முறையாக, ஒழுங்காகக் கொடுத்த பைகளே அங்குப் போய் மலையாயின. கலந்த பையை எவரும் பிரிக்க இயலாது. பிரிக்க இயலாததை மக்கச் செய்யவும் இயலாது, மறுபடி உருக்கவும் இயலாது. கொட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை. பிறகு அம்மலையைப் பெருஞ்செலவில் தோண்டிச் சலித்து, மண்ணை வேறாகவும் பிளாஸ்டிக்கை வேறாகவும் பிரிக்கின்றார்கள். நம் வீட்டுச் சமையலறையில் ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. உள்ளாட்சியே ஏரியில் கொட்டியதை நான் மறைக்கவில்லை, அது பெருங்குற்றமே. விதி செய்தவரே விதியை மீறினால் சுவரெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆயினும் அவர்கள் கொட்டியது அவர்கள் வீட்டுக் குப்பை அன்று, நாம் கொடுத்ததே.

இப்பொருளைப் பேசும்போதெல்லாம் ஒருவர் சிங்கப்பூரை இழுத்து வருவார். அங்குச் சென்ற நம் உறவினர் மிட்டாய்த் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அதனைத் தெருவில் எறிவதும் பழைய நகைச்சுவை. அபராதமே அந்நாட்டைத் தூய்மை செய்தது என்பது அதன் உட்கருத்து. இது அரை உண்மை. 1968 அக்டோபரில் லீ குவான் யூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கினார். அபராதமும் கடுமையாகவே இருந்தது. 1992இல் குப்பை எறிந்தவரைப் பொதுவிடத்தில் பெருக்க வைக்கும் தண்டனையும் வந்தது. ஆனால் அதனோடு கூடவே, தெருவோரத்தில் உணவு விற்றவர்களை விரட்டிவிட்டு விடாமல், குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வழியும் உடைய அங்காடி மையங்களைக் கட்டிக் குடியேற்றினார்கள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மை செய்தார்கள். 'இங்குக் கொட்டாதே' என்று சொல்வதற்கு முன்னும் பின்னும் 'எங்குக் கொட்டுவது' என்பதற்கு அங்கே விடை இருந்தது. நம் ஊர்ச் சுவர்களில் அந்த விடையை எழுத இடமில்லாமல் போய்விட்டது.

விடை நம் பகுதியிலேயே ஒரு காலத்தில் கிடைத்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தின் மூன்று சக்கர வண்டிகள் 1990களில் சென்னைத் தெருக்களில் வீடுவீடாக வந்தன. வண்டி இழுத்தவருக்குத் 'தெருவை அழகு செய்பவர்' என்று பெயர் சூட்டினார்கள்; ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் சிறுதொகை கொடுத்தது. பம்மல் சங்கர நகரில் இல்லத்தரசிகள் சிலர் கூடி, தெருவின் குப்பையை வீட்டளவிலேயே பிரித்து வாங்கச் செய்து, மக்குவதை மண்புழு உரமாக்கினார்கள். அபராதம் விதிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு கதவையும் தட்டி, 'இப்படிக் கலந்து கொடுக்காதீர்கள்' என்று மறுபடியும் மறுபடியும் சொல்லும் பொறுமை இருந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. எழுபது வட்டங்களுக்கும் பெருந்திட்டம் தேடுவோர் தம் எல்லைக்குள்ளேயே இருக்கும் அந்தத் தெருவுக்கு ஒருமுறை நடந்து சென்று வரலாம்.

இனி நம்மைப் பற்றி. இம்மலரைப் படிக்கும் ஜமாஅத் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். வீட்டுக்குள் பேச வேண்டியதைத்தான் பேசுகின்றேன். நாளுக்கு ஐந்து வேளை கைகால் கழுவித் தொழும் சமுதாயம் நம்முடையது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று மதரஸாவில் பயின்றவர்கள் நாம். 2015 டிசம்பர்ப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் சென்னையில் முஸ்லிம் இளைஞர்கள் துடைப்பத்தோடு இறங்கித் தெருக்களையும் கோயில்களையும் கழுவியதை நாடே பாராட்டிற்று. பேரிடரில் முழங்கால் சேற்றில் இறங்கிய அதே கைகள், சாதாரண நாள்களில் எங்கே போகின்றன?

என் சிறுவயதில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசல் வாயிலில் வரிசையில் நிற்போம். சட்டியை மறந்து வந்தவனை மோதினார் திருப்பி அனுப்புவார். அவன் ஓடிப்போய் எடுத்து வருவான். இன்று பல இடங்களில் சூடான கஞ்சியைப் பிளாஸ்டிக் உறையில் ஊற்றி முடிச்சிட்டுக் கொடுக்கின்றோம். நோன்பு திறந்த அரைமணி நேரத்தில் அவ்வுறைகள் கால்வாய் வாயில் கிடக்கின்றன. நிக்காஹ் விருந்தில் எலும்பும் இலையும் தண்ணீர்ப் புட்டியும் ஒரே தொட்டியில் விழுகின்றன. பக்ரீத் பெருநாளன்று குர்பானி இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிடும்போது எத்துணைக் கவனம் கொள்கின்றோம்! கழிவைப் பையில் கட்டித் தெருமுனையில் வைக்கும்போது அக்கவனத்தில் நூற்றில் ஒரு பங்காவது உண்டா? மறுநாள் காலையில் அதனை அவிழ்ப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இடையூற்றை அகற்றுவது நன்மையானால், இடையூற்றைப் பைக்குள் மறைத்துப் பிறர் கையில் கொடுப்பதற்கு என்ன பெயர்? இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. கோயில் திருவிழாவிலும் கட்சி மாநாட்டிலும் இதே காட்சியைக் காணலாம். ஆனால் பிறர் குறையைச் சுட்டிக்காட்டிவிட்டு நம் குறையோடு இருந்துவிடும் வழக்கத்தை நாம் போதிய அளவு பழகிவிட்டோம்.

பள்ளிவாசல் நிருவாகிகள் வரும் ரமலானில் ஒன்றைச் செய்யலாம். 'பாத்திரம் கொண்டு வருவோர்க்கே கஞ்சி' என்று ஷஅபான் மாதத்திலேயே ஜும்ஆவில் அறிவிக்கலாம். குர்பானிக் கழிவுக்கு எந்த இடம், எந்த நேரம் என்று உள்ளாட்சியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். இவ்விரண்டுக்கும் புதுச்சட்டம் வேண்டுவதில்லை. பிளாஸ்டிக் உறை வாங்கும் செலவும் மிச்சம்.

என் வீட்டில் இப்பொழுது மூன்று வாளிகள். கண்ணாடி உடைந்தால் பழைய நாளேட்டில் சுற்றித் தனியே தருகின்றோம். மேலே 'கண்ணாடி' என்று எழுதித்தான் முதலில் கொடுத்தேன், தமிழாசிரியன் அல்லவா! அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "எனக்குப் படிக்கத் தெரியாது பாய், சிவப்பு நூல் கட்டிக் கொடுங்க" என்றார். அன்றுமுதல் சிவப்பு நூல்.

இம்மலரின் வெளியீட்டு விழாவுக்கு நூறு பேருக்கு மேல் வருவர். தேநீருக்குத் தாள் குவளை வாங்குவதா என்ற பேச்சு வந்தபோது, எவர்சில்வர் தம்ளர் வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். கழுவுவது யார் என்று கேட்டார்கள். முதலாண்டு மாணவர் இருவர் கையுயர்த்தியுள்ளனர். மூன்றாவது பெயராக என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கின்றேன். இன்னும் இரண்டு பேர் தேவை.