கம்பிக்குள் நிற்பவன் தலையில்தானா?

விடிந்தும் விடியாத வேளையில் அம்பத்தூர் ஏரிக்கரைப் பக்கமோ, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கமோ, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரத்திலோ நடந்து பாருங்கள். கையில் துடைப்பம், தள்ளுவண்டியில் கூடை, தலையில் முக்காடு. ஊர் எழுமுன் எழுந்து ஊரின் அழுக்கை அள்ளும் அந்தத் தாயைக் காண்பீர்கள். நாற்றத்துக்கு அவள் அஞ்சுவதில்லை, அது பழகிவிட்டது. நாய்க்கு அஞ்சுவதில்லை, அதுவும் பழகிவிட்டது. புல்லுக்குள் மின்னும் ஒன்றுக்கு மட்டும் அஞ்சுகிறாள். உடைந்த பாட்டில்! குனிந்து கைவைக்குமுன் காலால் தள்ளிப் பார்க்கிறாள். கையுறை கொடுத்திருக்கிறோம் என்பார்கள். கண்ணாடிச் சில்லின் கூர்மை அறிந்து தைத்த கையுறையா அது?

குடித்துவிட்டு உடைத்தவன் குற்றவாளி அல்லனா என்று கேட்பீர்கள். குற்றவாளிதான். மறுப்பார் யார்? ஆனால், குற்றவாளியைத் திட்டி முடித்துவிட்டு நாம் உறங்கப் போய்விட்டால், அடுத்த நாள் காலையிலும் அந்தத் தாய் அங்கேதான் குனிந்திருப்பாள். ஆகவே திட்டுவதை மேடைக்கு விட்டுவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஊர் வழக்கில் 'ஒயின்ஷாப்' என்கிறோம். பலகையில் ஒயின், உள்ளே போனால் பிராந்தி! தமிழ்நாட்டில் பெயருக்கும் பொருளுக்கும் இத்தனை தொலைவு வேறெந்தக் கடையிலும் இல்லை. தனியார் ஏலம் எடுத்து நடத்திய நாளில் தொற்றிய பெயர் அது. 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றுக்கொண்டது. கடை கைமாறிற்று; பெயர் மாறவில்லை. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டபின் எஞ்சியவை 4,829. 2023-24 நிதியாண்டில் இவை அரசுக்கு ஈட்டிக் கொடுத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அத்தனை கோடியும் கண்ணாடிப் பாட்டில்களில் வந்த பணம். பணம் கருவூலம் போயிற்று. பாட்டில் எங்கே போயிற்று?

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "மதுவிலக்கன்றோ நாம் கேட்க வேண்டுவது? கடையையே மூடு என்பதை விட்டுவிட்டு, காலிப் பாட்டிலைப் பற்றி எழுதுவது கடைக்கு நற்சான்று வழங்குவதாகாதா?" நியாயமான கேள்வி. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு இந்த மாநிலத்தில் வந்ததும், போனதும், மீண்டும் வந்ததும், மீண்டும் போனதும் நாம் அறிந்த கதை. மூடும் நாள் வரட்டும், வரவேற்போம். ஆனால், அந்த நாள் வரும்வரை வயலில் இறங்குவோன் காலில் சில்லு ஏறலாம் என்று எந்தக் கொள்கை சொல்கிறது? கடை திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கடைக்குரியவனுக்குக் கடமையும் உண்டு. கடைக்குரியவன் இங்கே தனியாள் அல்லன், அரசு. நம் வரியையும் வாக்கையும் பெற்ற அரசு.

வழி இல்லாமலும் இல்லை. நீலகிரியில் கண்டார்கள். மலையிலும் காட்டோரத்திலும் வீசப்பட்ட பாட்டில்கள் உடைந்து, யானையின் காலையும் பதம் பார்ப்பதை அறிந்த சென்னை உயர்நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி எழுப்பிற்று. அதன் பயனாக 2022 மே 15 முதல் அந்த மாவட்டக் கடைகளில் ஒரு புதுமுறை புகுந்தது: பாட்டில் விலையோடு பத்து ரூபாய் கூடுதலாகப் பெறுவது, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்தையும் திருப்பித் தருவது. பெரம்பலூருக்கும் கோவைக்கும் பிற மாவட்டங்களுக்கும் அது பரவிற்று. மாநிலம் முழுதும் விரியவேண்டும் என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

புதுமுறை என்று எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கோலி சோடா குடித்த தலைமுறை இதைக் கேட்டால் சிரிக்கும். பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் கடையை விட்டு நகரலாம். வீட்டுக்கு எடுத்துச் செல்வதென்றால் முன்பணம் வைக்கவேண்டும். பெட்டிக் கடைக்காரர் பள்ளிக்கூடம் போகாமலே கண்ட பொருளாதாரம் அது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1971-இல் இதற்குச் சட்டமே செய்தது. ஜெர்மனியில் பீர் பாட்டிலுக்குச் சில காசுகள் முன்பணம் வாங்குகிறார்கள். பாட்டில் கழுவப்பட்டு மீண்டும் மீண்டும் நிரம்புகிறது. பத்து ரூபாய்க்காக மனிதன் குனிவான். குடித்தவன் குனியாவிட்டால் வறியவன் ஒருவன் குனிவான். அறிவுரைக்கு அசையாத கை காசுக்கு அசையும். ஆகவே முறை நல்ல முறை. அதில் எனக்கு ஐயமில்லை.

என் ஐயமெல்லாம் வேறிடத்தில். அந்தப் பாட்டிலை வாங்குவது யார்? எங்கே வைப்பது? எவர் நேரத்தில்?

கடைக்குள் எட்டிப் பாருங்கள். முன்னே இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே நூறு கைகள், நூறு குரல்கள். உள்ளே பெட்டிமேல் பெட்டியாகச் சரக்கு. இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துச் செல்லும் வழி. நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தும்வரை அந்த இடுக்கில் நிற்கிறான் விற்பனையாளன். அவன்தான் இனிமேல் பாட்டிலில் ஒட்டுச்சீட்டு ஒட்டவேண்டும், பத்து ரூபாய் கூடுதலாகப் பெறவேண்டும், ஏன் கூடுதல் என்று கேட்பவனுக்கு விளக்கம் சொல்லவேண்டும், திரும்பி வரும் பாட்டிலில் சீட்டு இருக்கிறதா, வாய் உடைந்திருக்கிறதா, நம் கடைப் பாட்டில்தானா என்று பார்க்கவேண்டும், பத்தைத் திருப்பித் தரவேண்டும், கணக்கு எழுதவேண்டும். ஒப்பந்தக்காரர் வந்து எடுத்துச் செல்லும்வரை, ஈ மொய்க்கும் காலிப் பாட்டில்களைச் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே காக்கவேண்டும். சில்லறை குறைந்தால் அவன் பையிலிருந்து. சில்லு கிழித்தால் அவன் கையிலிருந்து!

இவர்கள் யார்? 2025-இல் ஊதிய உயர்வு அறிவித்தபோது அரசே தந்த கணக்கு இது: மேற்பார்வையாளர் 6,567 பேர், விற்பனையாளர் 14,636 பேர், உதவி விற்பனையாளர் 2,426 பேர், ஆக 23,629 பேர். மாதம் 2,000 ரூபாய் உயர்த்தினார்கள், நன்று. ஆனால், 2003-இல் தொகுப்பூதியத்தில் வந்தவன் இருபது ஆண்டு கடந்தும் தொகுப்பூதியத்திலேயே நின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? இத்தகைய தொழிலாளி, 'இடமில்லை, ஆளில்லை, எங்களால் இயலாது' என்று பாட்டில் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தபோது, சோம்பேறித்தனம் என்று ஏளனம் செய்தோர் உண்டு. ஏரியைக் காப்பதில் அவனுக்கு அக்கறையில்லையாம்! ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு, அந்த ஏரிக்கே கழிவுநீரை விடும் பெரிய மனிதருக்கு இருக்கும் அக்கறை அவனுக்கு இல்லைதான்.

கடையை ஒட்டிய பாரையும் மறக்கலாகாது. பார் நடத்துவோர் பெறும் உரிமம் எதற்கு என்று தெரியுமா? ஒப்பந்த அறிவிப்பிலேயே அச்சாகிறது: தின்பண்டம் விற்கவும், காலிப் பாட்டில் சேகரிக்கவும்! ஆக, காலிப் பாட்டில் குப்பையன்று, விலை மதிப்புள்ள பண்டம் என்பது அரசுக்கு முன்பே தெரியும். பாருக்குள் குடித்த பாட்டிலுக்குக் கணக்கு இருந்தது. வெளியே வீசிய பாட்டிலுக்குத்தான் நாதி இல்லை. இப்போது பத்து ரூபாய் முறை வரும்போது, பணம் கட்டி உரிமை பெற்ற சிறு பார்க்காரர், 'என் பாட்டில் எங்கே?' என்று கேட்பார். சாக்குப்பை தோளில் தொங்க, பொறுக்கிய பாட்டிலைக் காயலான் கடையில் போட்டு அன்றாடம் உண்பவனும் கேட்பான். இருவரையும் விரட்டிவிட்டுத் திட்டம் வெற்றி பெறாது. பத்து ரூபாய் பெறும் உரிமை, வாங்கியவனுக்கு மட்டுமன்று, கொண்டுவருபவன் எவனோ அவனுக்கு என்று வெளிப்படையாகப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். பொறுக்குபவனுக்கு நாலு ரூபாய் தந்து, ஆறு ரூபாயை இடையில் ஒருவன் விழுங்கலாகாது.

சிறியவனைத் திருத்துவதற்கு உபதேசம் போதாது, தோழர்களே! பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலை எண்ணிப் பாருங்கள். கழிவு நீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் வரலாறு காணாத தீர்ப்புத் தந்தது. சின்னஞ்சிறு தோல் கூடத்துக்காரர் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? முடியாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது நிலையங்கள் எழுந்தன. அவற்றால் எல்லாத் துயரமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பாலாறு அப்படிச் சொல்ல விடாது. ஆயினும், சுமை பொதுவானதாயின் தோளும் பொதுவானதாக வேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

அவ்வளவு தொலைவு போவானேன்? அம்பத்தூர் தொழிற்பேட்டை நம் கண்ணெதிரே நிற்கிறது. 1960-களில் அது எழுந்தபோது, சிறு முதலாளியைப் பார்த்து, 'நீயே நிலம் தேடு, நீயே சாலை போடு, நீயே மின்சாரம் கொண்டு வா' என்றா சொன்னார்கள்? இடம் வகுத்தார்கள், சாலை போட்டார்கள், மின்கம்பம் நட்டார்கள். லேத் ஒன்றோடு தொடங்கியவன் பிழைத்தான். பத்துப் பேருக்குப் பிழைப்பும் கொடுத்தான். பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டில் கிடக்கிறது. தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓடுகிறது. எது மக்களுக்கு உதவிற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதே தொழிற்பேட்டைக் கணக்கைப் பாட்டிலுக்கும் போடுவோம். கடைக்கு வெளியே, கம்பிக்கு அப்பால், பாட்டில் வாங்குவதற்கென்று தனி அறை வேண்டும். அதற்குத் தனி ஆள் வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மூன்றுக்கும் பொதுவாக ஒரு கிடங்கு அமையட்டும். கடைக்கடையாகச் சிறு வண்டி சென்று நாள்தோறும் திரட்டட்டும். உடையாத பாட்டில் அங்கே கழுவப்பட்டு மீண்டும் நிரப்பும் ஆலைக்குப் போகட்டும். பீர் ஆலைகள் இதை நெடுநாளாகச் செய்பவைதாம். உடைந்தது கண்ணாடி உலைக்குப் போகட்டும். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் அது கண்ணாடியே. பழைய சில்லு சேரச் சேர உலைக்கு எரிபொருளும் மிச்சம். கழுவவும் தரம் பிரிக்கவும் ஆள் வேண்டுமே? இன்று கிழிந்த கையோடு பொறுக்கித் திரிவோரையே அமர்த்துங்கள். கூலியும் கையுறையும் கொடுங்கள்.

பணம்? கேட்பீர்கள் என்று தெரியும். நாளொன்றுக்கு ஆயிரம் பாட்டில் விற்கும் கடை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் தொள்ளாயிரம் திரும்பின, நூறு திரும்பவில்லை. திரும்பாத நூறுக்கும் பெற்ற பத்துப் பத்து ரூபாய், அதாவது ஆயிரம் ரூபாய், கடையிலேயே தங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஆயிரம். விடுமுறை நாள்களைக் கழித்தாலும் ஆண்டுக்கு மூன்றரை இலட்சம். ஒரே கடையில்! அந்தப் பணம் விற்பனை வருவாயன்று. குடித்தவன் ஊருக்குச் செய்த கேட்டுக்குக் கட்டிய தண்டம். அதைப் பொதுக் கருவூலத்தில் கரைத்துவிடாமல், அந்தந்த வட்டாரத்துப் பாட்டில் அறைக்கும், அதில் நிற்கும் ஆளுக்கும், ஏரிக்கரை துப்புரவுக்கும் என்று ஒதுக்கினால் எவன் வீட்டுச் சொத்து குறையும்? கணக்கை மாதந்தோறும் கடை வாசலில் ஒட்டட்டும், ஊரார் படிக்கட்டும்.

கண்ணாடியே வேண்டாம், அட்டைக் குடுவையில் அடைத்துவிடலாம் என்று 2023-இல் ஒரு பேச்சு எழுந்தது. காலில் குத்தாது; உண்மை. ஆனால், அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுப்பது எளிதன்று. கூவத்தில் மிதப்பதற்கு இன்னொரு பொருள் சேரும், அவ்வளவே. 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் குவளையும் தண்ணீர்ப் பொட்டலமும் இன்னும் எத்தனை பார்களின் பின்புறம் குவிந்து கிடக்கின்றன என்பதைப் பார்த்தவர்கள், புதிய உறையை வரவேற்க அவசரப்படமாட்டார்கள். அங்கும் பார்க்காரரைத் தண்டிப்பது ஒரு பாதி. கண்ணாடிக் குவளையும் அதைக் கழுவத் தண்ணீர்க் குழாயும் இருக்கிறதா என்று உரிமம் தரும்போதே பார்ப்பது மறுபாதி. இரண்டாம் பாதியைத்தான் மறந்துவிடுகிறோம்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வட்டத்துக் கடைக்குச் செல்லுங்கள். குடிக்க அல்ல, கணக்கெடுக்க. கடையின் நீளம் அகலம் என்ன? நிற்போர் எத்தனை பேர்? காலிப் பாட்டில் வைக்க எத்தனை அடி இடம்? பின்னால் இருப்பது ஏரியா, கால்வாயா, பள்ளிச் சுவரா? விற்பனையாளரிடம் பேசுங்கள். முதலில் பேசத் தயங்குவார், மேலிடத்து அச்சம். கூட்டம் குறைந்த பிற்பகலில் போனால் பேசுவார். எழுதி வாருங்கள். நகராட்சி மன்றத்திலும் மாநகராட்சி மன்றத்திலும் உள்ள நம் உறுப்பினர் கையில் அந்தத் தாள் இருக்கட்டும். 'அம்பத்தூரில் கிடங்குக்கு இடம் எங்கே?' என்று அதிகாரி கேட்டால், பூட்டிக் கிடக்கும் கொட்டகை எது என்று எண்ணோடு சொல்லும் அளவுக்கு அது விவரமாக இருக்கட்டும்.