ரவிக்கைக்கு அளவு உண்டு, சைக்கிளுக்கு இல்லையா?

குடும்பத்தில் சைக்கிள் வாங்குவதென்றால் அது ஒருவர் காரியம் அல்ல. அப்பா விலையைப் பார்ப்பார். பிள்ளை நிறத்தைப் பார்ப்பான். அடுத்த வீட்டு மாமா கம்பெனிப் பெயரைப் பார்ப்பார். ஓட்டப் போகிற அம்மாளின் கை நீளத்தையும் கால் நீளத்தையும் மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

இன்று நகரத்து வீடுகள் பலவற்றில் நிற்பது தடித்த டயரும், முன்புறம் ஸ்பிரிங்கும் வைத்த 'மவுண்டன் பைக்'. 1970-களில் கலிபோர்னியாவின் மலைச் சரிவுகளில் இறங்குவதற்கென்று பிறந்த வண்டி அது. நம் தெருவில் மலை ஏது? வேகத்தடைதான் உண்டு. அதில் சில மாதம் ஓட்டிப் பழகிய சகோதரிகளை, ஒல்லி டயர் வைத்த 'ரோடு பைக்' ஒன்று சத்தமில்லாமல் தாண்டிப் போகும்போது, நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று ஆசை எழுகிறது. நியாயமான ஆசைதான்.

இந்த ஆசை புதிதும் அல்ல. 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி மூன்று குழந்தைகளின் தாய். அவர் ஏறிய பெண்கள் சைக்கிளின் எடை 42 ராத்தல், அதாவது 19 கிலோ. சிக்காகோவுக்குப் போய்ச் சேருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அங்கே 21 ராத்தல் எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறிக்கொண்டு, 1895-இல் பயணத்தை முடித்தார். எடை பாதியானது எத்தனை ஆறுதல்! ஆனால் அந்தப் புது வண்டியில் பிரேக் கிடையாது. இலேசான வண்டியெல்லாம் நல்ல வண்டி ஆகிவிடாது.

ஆகையால், பணப் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிக்கனமான சோதனை. பழைய வண்டியின் முரட்டு டயர்களைக் கழற்றிவிட்டு, வழவழப்பான டயர்களைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர அதுவே போதுமென்று தோன்றினால், மிச்சமான பணம் உங்களுடையது. தூரமும் வேகமும் இன்னும் வேண்டுமென்று மனசு கேட்டால், அப்புறம் கடைக்குப் போகலாம்.

கடையில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று பந்தய ரகம். முதுகை வில்லாக வளைத்து ஓட்ட வேண்டும். மற்றது நெடுந்தூர ரகம். ஹாண்டில்பார் சற்று உயர்ந்தும் கிட்டத்திலும் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் ஏற்றது. மவுண்டன் பைக் டயரின் அகலம் 50 மில்லிமீட்டருக்கு மேல். அதிலிருந்து ஒரேயடியாக 25-க்குத் தாவினால் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எண்ணிக்கை வைக்கும். 32 மில்லிமீட்டர் டயர் போட இடமுள்ள வண்டியாகக் கேளுங்கள். கியரையும் கவனியுங்கள். முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பல்லும், பின்னால் பெரியதில் 32 அல்லது 34 பல்லும் இருந்தால், மேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டியிராது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வண்டிக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நில்லுங்கள். குறுக்குக் குழாய் உடம்பில் இடிக்கக்கூடாது. ஆசனத்தில் அமர்ந்து பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக வேண்டும். பிரேக் பிடிகளின் மேல் கையை வைத்தால் முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும். விரல்கள் பிரேக்கைச் சிரமமின்றி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பயப்படாதீர்கள். பல வண்டிகளில் பிரேக் பிடியைக் கைக்குக் கிட்டத்தில் கொண்டுவரத் திருகாணி உண்டு. மெதுவாகத் திரும்பும்போது கால் கட்டைவிரல் முன்சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சிறிய வண்டிகளில் இந்தத் தொல்லை உண்டு.

இந்த இடத்தில், "அவருக்கும் உதவுமே, கொஞ்சம் பெரியதாகவே வாங்கிவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கேதான் ஆபத்து! இரவல் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோமா? எட்டாத வண்டியில் கழுத்து வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். இரண்டு மாதத்தில் அந்தச் சைக்கிள் துணி உலர்த்தும் கொடியாகிவிடும். வீட்டிலோ, "அவளுக்குச் சைக்கிள் சரிப்படவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் சைக்கிள்தான் அவளுக்குச் சரிப்படவில்லை!

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். தலைக் கவசம், விளக்குகள், பம்ப் இவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ரோடு பைக் ட்யூபின் வால்வு பெரும்பாலும் மெல்லியது. தெருமுனைக் கடைப் பம்ப் அதற்குப் பொருந்தாது. பொருத்தித் தரும் சின்னப் பித்தளைத் திருகு ஒன்று கிடைக்கிறது. அதைக் கைப்பையில் போட்டு வைத்தால் வழியில் தவிக்க நேராது.

வண்டியின் நிறத்தைப் பிள்ளை சொல்லட்டும், விலையை அவர் பேசட்டும். அளவை மட்டும் நீங்களே, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள்.