எட்டுக் கிழமை எண்டா எட்டுக் கிழமைதான்

"30 நாள் குட்டி. கடுவன் மூண்டு, பெட்டை ரெண்டு. பூச்சி மருந்து குடுத்தாச்சு. நல்லாச் சாப்பிடும். விருப்பமானவை இன்பொக்ஸ் வாங்கோ."

யாழ்ப்பாணமோ வவுனியாவோ மட்டக்களப்போ கொழும்போ, எந்த ஊரின் விற்பனைக் குழுவை பேஸ்புக்கில் திறந்தாலும் இந்த மாதிரி ஒரு விளம்பரம் கண்ணில் படும். கீழே ஐம்பது பேர் "விலை?" என்று கேட்டிருப்பார்கள். பத்துப் பேர் இதயம் போட்டிருப்பார்கள். "டெலிவரி இருக்கா?" என்று ஒருவர். அவ்வளவு பேரில் ஒருத்தராவது, "30 நாள்ல ஏன் அண்ணை தாயிட்ட இருந்து பிரிக்கிறீங்கள்?" என்று கேட்பதை நாங்கள் மிக அரிதாகவே பார்த்திருக்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்கிறோம். நாங்கள் சொல்ல வருவதும் ஒன்றே ஒன்றுதான். எட்டுக் கிழமை, அதாவது 56 நாள் முடியாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. சும்மா தந்தாலும் எடுக்கக் கூடாது. இது செல்லப்பிராணிக்காரரின் நளினம் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் அந்த நாய் எப்படிப் பல்லை வைக்கப் போகிறது என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் அந்தப் பழைய கதையை எடுப்போம். "சின்னதா எடுத்தாத்தான் எங்களோட ஒட்டும். வளந்த பிறகு எடுத்தா ஒட்டாது." இதைச் சொல்லாத பெரியவர் ஊரில் இல்லை. இதில் அரைவாசி உண்மை. அந்த அரை உண்மையை வைத்துத்தான் முழு வியாபாரமும் ஓடுகிறது.

உண்மையான பாதி இதுதான்: நாய்க்குட்டி மனிதரோடு பழகுவதற்கு ஒரு காலம் உண்டு. 1961 இல் அமெரிக்காவில் பிரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயர்ந்த வேலி போட்ட வெளியில், மனிதரின் தொடர்பே இல்லாமல், தாயோடு குட்டிகளை வளர விட்டார்கள். சில குட்டிகளை 2 கிழமையிலும், மற்றவற்றை 3, 5, 7, 9 கிழமைகளிலும் ஒரு கிழமைக்கு எடுத்து மனிதரோடு பழக வைத்தார்கள். 14 கிழமை வரை மனிதரையே பழகாமல் விட்ட குட்டிகள் கடைசியில் காட்டு விலங்கு போலவே ஆகிவிட்டன. ஆகவே காலம் கடந்தால் கஷ்டம் என்பது சரிதான்.

பொய்யான பாதி எது? மனிதரோடு பழகுவதற்குத் தாயை விட்டுப் பிரிய வேண்டும் என்பது. யார் சொன்னது? மூன்றாம் கிழமையில் இருந்து குட்டியைக் கையில் தூக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சின்னப் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்க விட வேண்டும், மிக்ஸி சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாம் பழக்க வேண்டும். உண்மைதான். ஆனால் இது எல்லாம் தாய் பக்கத்தில் படுத்திருக்கும்போதே, குட்டி போட்ட வீட்டிலேயே நடக்க வேண்டிய வேலை. அது விற்கிறவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கத்தான் "சின்னதா எடுத்தா ஒட்டும்" என்ற கதை உதவுகிறது.

30 நாளில் ஒரு குட்டி என்ன நிலையில் இருக்கிறது என்று யோசியுங்கள். கண் திறந்தே இரண்டு கிழமை சொச்சம்தான் ஆகியிருக்கும். காது கேட்கத் தொடங்கி அதைவிடக் குறைவு. பால்பல் இப்போதுதான் வருகிறது. கஞ்சியோ குழைத்த சோறோ நக்கத் தொடங்கியிருக்கும். "நல்லாச் சாப்பிடும்" என்று விளம்பரத்தில் போடுவது இந்த நக்கலைத்தான். இந்தக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பசுப்பாலோ பால்மாவோ கரைத்து வைக்கிறோம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். பசுப்பாலில் இருக்கிற சீனி நாய்ப்பாலில் இருப்பதைவிட அதிகம். பிறகு வயிற்றோட்டம். பிறகு "குட்டி வாடிப் போச்சு, விற்றவன் ஏமாத்திப் போட்டான்" என்ற புலம்பல்.

அதைவிட முக்கியமான ஒரு பாடம் இந்த நான்காம் கிழமையில் இருந்து எட்டாம் கிழமைக்குள்தான் நடக்கிறது. கடிக்கப் பழகுவது இல்லை, கடியை அடக்கப் பழகுவது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று கொஞ்சம் பலமாகக் கடித்தால் மற்றது "வீல்" என்று கத்தி விளையாட்டை விட்டுப் போய்விடும். தாயின் காம்பில் ஊசிப் பல்லால் கடித்தால் தாய் உறுமும், எழும்பிப் போய்விடும். எவ்வளவு பலமாகக் கடித்தால் விளையாட்டு முடியும், பால் நிற்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் அளந்து பழகுகிறது. எந்தச் செருப்படியும் எந்தச் சங்கிலியும் இந்தப் பாடத்தை இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்காது. பாடம் தொடங்க முதலே பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளையைத் தூக்கிவிட்டு, பிறகு "இந்த நாய்க்கு ஒண்டும் தெரியாது" என்று அடிக்கிறோம்.

இதை நாங்கள் கற்பனையில் சொல்லவில்லை. 2011 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 140 வளர்ந்த நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்தார்கள். 70 நாய்கள் 30 முதல் 40 நாளுக்குள் தாயைப் பிரிந்தவை. மற்ற 70 நாய்கள் இரண்டு மாதத்தில் பிரிந்தவை. முதல் கூட்டத்தில் அளவுக்கு மிஞ்சிக் குரைப்பது, வெளியில் போனால் பயப்படுவது, சத்தத்துக்கு வெருளுவது, சாப்பாட்டையும் விளையாட்டுச் சாமானையும் தொட விடாமல் உறுமுவது எல்லாம் கூடுதலாக இருந்தன. நல்லூர்த் திருவிழா வெடிக்கும் பெருநாள் வெடிக்கும் கட்டிலுக்குக் கீழே நடுங்குகிற நாய், சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போன பிள்ளையைக் கவ்வுகிற நாய் எங்கள் ஊரிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இதுவும் ஒரு காரணம், அதுவும் செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய காரணம்.

தென்னாபிரிக்காவில் பொலிஸ் நாய்களாக வளர்த்த ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை வைத்து 1993 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 6 கிழமையில் தாயையும் பிறந்த இடத்தையும் விட்டுப் பிரித்த குட்டிகள், 12 கிழமை வரை இருந்தவற்றைவிட அதிகமாக மெலிந்தன, நோய்ப்பட்டன, செத்தன. 6 கிழமை என்பது 42 நாள். நாங்கள் 30 நாளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, விற்கிறவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? இங்கேதான் கணக்கு இருக்கிறது. முதல் நான்கு கிழமையும் குட்டிக்குச் சாப்பாடு போடுவது தாய். விற்கிறவருக்குச் செலவு தாய்க்கு மட்டும். ஐந்தாம் கிழமையில் இருந்து எட்டுக் குட்டி என்றால் எட்டு வாய். பூச்சி மருந்து திரும்பத் திரும்பக் குடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முதல் தடுப்பூசி. வளவு முழுக்கப் பீயும் மூத்திரமும். 30 நாளில் விற்றால் இந்தச் செலவும் வேலையும் அப்படியே வாங்குகிறவர் தலையில். அதோடு, உருண்டையாய் இருக்கிற நான்கு கிழமைக் குட்டி படத்தில் வடிவு. இரண்டு மாதத்தில் காலும் காதும் நீண்டு கொஞ்சம் கோணலாய்த் தெரியும். வடிவு இருக்கும்போதே விற்றுவிட வேணும். இதுதான் "உங்களோட ஒட்டும்" என்பதன் உள்ளர்த்தம். ஒட்டுவது குட்டியில்லை, செலவு.

"ஊசி போட்டாச்சு" என்பதிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. சீம்பாலோடு தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் பல கிழமை இருக்கும். மிக இளம் வயதில் போடும் ஊசியை அந்த எதிர்ப்புச் சக்தியே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். அதனால்தான் மிருக வைத்தியர்கள் 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 2 முதல் 4 கிழமைக்கு ஒருதரம், குட்டிக்கு 16 கிழமை ஆகும் வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள். 30 நாளில் ஒரு ஊசி போட்டு அட்டையில் சீல் குத்தியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரவு பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குள் பயந்து, பசித்து, களைத்து வந்திறங்குகிற குட்டிக்கு அது தொற்றினால், இரத்தமாய்ப் போய் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடலாம்.

இனி, எங்களிடம் வரப்போகிற மறுப்புகள்.

"எங்கட வீட்டு நாய் குட்டி போட்டிட்டு. வியாபாரம் இல்ல. ஆரும் கேட்டா உடன குடுத்தாத்தானே? பிந்தினா ஒருத்தரும் எடுக்கேல்ல." இந்தக் கஷ்டம் உண்மையானது. பெட்டைக் குட்டி என்றால் இன்னும் மோசம். உரப்பையில் கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுவிட்டுப் போகிற ஊர் இது. ஆனால் அதற்கு மருந்து நான்காம் கிழமையில் தானம் குடுப்பது இல்லை. இப்போதே ஆள் பார்த்து வையுங்கள், வந்து குட்டியோடு விளையாடட்டும், எட்டாம் கிழமையில் கொண்டு போகட்டும். அதோடு தாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் திரும்பவும் இதே புலம்பல் வேண்டாம்.

"தாய் செத்துப் போச்சு, என்ன செய்யிறது?" அது வேறு விஷயம். தாயில்லாத குட்டியைக் காப்பாற்றத்தான் வேண்டும். முடிந்தவரை கூடப் பிறந்தவற்றோடு ஒன்றாக வைத்துக் காப்பாற்றுங்கள். விபத்தில் அநாதையானது வேறு, காசுக்காக அநாதையாக்குவது வேறு.

"அந்தக் காலத்தில ஆர் நாள் எண்ணினது?" அந்தக் காலத்தில் குட்டி பெரும்பாலும் பக்கத்து வளவுக்குத்தான் போனது. வேலிப் பொட்டுக்குள்ளால் தாய் வந்து பார்த்துவிட்டுப் போகும். 400 கிலோமீற்றர் பெட்டியில் போகவில்லை.

சட்டம் எங்களைக் காப்பாற்றும் என்று காத்திருக்கவும் முடியாது. எங்களிடம் இருக்கும் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுடையது. அதில் போட்ட தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. இன்றைக்கு அந்த 100 ரூபாவுக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் வருமா என்பதே கேள்வி. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைபு ஒன்றைத் தயாரித்தது. அது அமைச்சரவைக்கும் குழுக்களுக்கும் இடையில் வருசக்கணக்கில் அலைந்தது. ஜேர்மனியில் எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கச் சட்டம் விடாது. இங்கிலாந்தில் உரிமம் பெற்ற வளர்ப்பாளர் எட்டுக் கிழமைக்கு முன் விற்க முடியாது. 2020 ஏப்ரலில் இருந்து, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகரும் கடைக்காரரும் விற்பதும் அங்கே தடை. வளர்த்தவரிடம் நேரே போய்த் தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தச் சட்டத்தை "லூசி சட்டம்" என்கிறார்கள். குட்டி போடும் இயந்திரமாக வைத்திருந்து மீட்கப்பட்ட ஒரு தாய் நாயின் பெயர் அது.

எங்களுக்குச் சட்டம் வரும் வரைக்கும் வாங்குகிறவர்தான் சட்டம். ஆகவே, குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் இல்லை, நேரில். "தாய் வேற வீட்டில நிக்குது" என்றால் திரும்பி வாருங்கள். பிறந்த திகதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணுங்கள். வாயைத் திறந்து பாருங்கள். எட்டுக் கிழமையில் 28 பால்பல்லும் அநேகமாக வந்திருக்கும். கடைவாயில் வெறும் முரசு என்றால் வயது பொய். குட்டி கையைக் கண்டு ஒளிக்கிறதா, ஓடி வருகிறதா என்று பாருங்கள். எட்டுக் கிழமை கூண்டுக்குள் மட்டும் கிடந்த குட்டியும் தயாரான குட்டி இல்லை. 30 நாள் விளம்பரத்துக்குக் கீழே விலை கேட்காதீர்கள். "56 நாள் ஆகட்டும், அப்ப வாறம்" என்று எழுதுங்கள். பத்துப் பேர் அப்படி எழுதினால் விற்கிறவர் நாள் எண்ணப் பழகுவார்.

ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருசம் உங்கள் வாசலில் படுத்திருக்கப் போகிறது. 26 நாள் பொறுக்க ஏலாதெண்டா, அந்தப் பன்னிரண்டு வருசத்தையும் எப்பிடிப் பொறுக்கப் போறீங்கள்?