வாங்கியவனுக்கு வானம் சொந்தமா?

அரசுகள் கழித்துவிட்ட யுத்த ஜெட் விமானங்களைத் தனியார் வாங்கிப் பறக்கவிடலாமா என்ற வினா பிரித்தானியாவிலே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. பணம் கொடுத்து வாங்கியவனுக்குப் பறக்கும் உரிமையும் உண்டென்பர் ஒரு சாரார். அடியோடு தடை செய்க என்பர் மறு சாரார். வழக்கின் மையத்தை இரு சாராரும் தொடவில்லை என்பதே நம் துணிபு.

பறக்கவிட முடியுமா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1960இல் முதன்முதல் பறந்து, 1993இல் பிரித்தானிய விமானப் படையின் சேவையிலிருந்து விலகிய வல்கன் குண்டுவீச்சு விமானமொன்று, தனியார் முயற்சியாலும் பொதுமக்கள் நன்கொடையாலும் 2007இல் மீண்டும் வானேறிற்று. எட்டாண்டுகள் பறந்து, 2015 அக்டோபர் 28ஆம் திகதி இறுதியாகத் தரையிறங்கிற்று. அதனை நிறுத்தியது விபத்தன்று. தொழினுட்பப் பொறுப்பேற்றிருந்த மூன்று நிறுவனங்கள் தம் ஆதரவை விலக்கிக்கொண்டமையே காரணம். வேறெந்த வல்கனும் பறந்திராத அளவுக்கு அது பறந்துவிட்டது. இனி எப்பாகம் முதலில் தளரும் என்பதை முன்னே சென்று காட்டிய விமானம் வேறில்லை. அறியாததற்குப் பொறுப்பேற்க அந்நிறுவனங்கள் மறுத்தன. அது கோழைத்தனமன்று, நேர்மை.

பழைய உழவு இயந்திரத்தை நாமும் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறோமே என்று கமக்காரர் கேட்கலாம். வயலில் இயந்திரம் நின்றால் வரம்போரத்தில் நிற்கும். வானத்தில் வரம்பு ஏது?

பிரித்தானியாவில் தனியார் பறக்கவிட அனுமதி மறுக்கப்பட்ட லைட்னிங் விமானம் தென்னாபிரிக்காவில் தனியார் கையில் பறந்தது. 2009 நவம்பர் 14ஆம் திகதி ஓவர்பேர்க் விமானக் காட்சியில் அதன் இயக்க அமைப்புப் பழுதுற்றது. விமானியை வெளியே வீசிக் காக்கவேண்டிய ஆசனமும் இயங்கவில்லை. விமானி மாண்டார்.

ஆபத்தை அறிந்து ஏற்றவன் பின்னர் முறையிட முடியாது என்பது பழைய சட்டவிதி. விமானிக்கு அவ்விதி ஓரளவு பொருந்தலாம். ஆனால் 2015 ஆகஸ்ட் 22ஆம் திகதி இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் நிகழ்ந்ததற்கு அது எவ்வாறு பொருந்தும்? 1955இல் கட்டப்பட்ட ஹன்டர் ஜெட் ஒன்று வானில் வளையமிட்டு, மேலெழ வேண்டிய உயரத்தை எட்டாமலே கீழிறங்கி, நெடுஞ்சாலையில் வீழ்ந்தது. 11 பேர் மாண்டனர். காட்சித் திடலுக்குள் இருந்தவர் அவர்களுள் ஒருவருமில்லை. தம் அலுவலாக வீதியிற் சென்றவர்கள் எந்த ஆபத்தை ஏற்று ஒப்பமிட்டார்கள்?

2019இல் விமானியைக் குற்றவாளியல்லர் என்று யூரிமார் விடுவித்தனர். அத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. கூண்டில் நிற்கும் ஒரு மனிதனின் குற்றம் ஐயமற நிறுவப்பட்டதா என்பதே குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் கேள்வி. பொது வீதிக்கு மேலே அந்த வித்தை நடக்கலாமா என்ற கேள்வி விமானம் எழுமுன் கேட்கப்பட வேண்டியது. 11 உயிர் போன பின்னரே, பழைய போர் ஜெட்டுகள் நிலத்தின் மேல் வித்தை காட்டுவதைப் பிரித்தானிய அதிகாரிகள் நிறுத்தினர். வெள்ளம் போனபின் அணை கட்டுவது ஆட்சியாகுமா?

எனவே நாம் முழுத் தடையைக் கோரவில்லை. மூன்று நிபந்தனைகளைக் கோருகிறோம். விமானத்தைச் செய்த நிறுவனமோ, அதற்கு நிகரான அறிவுடையாரோ எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். அவர் விலகும் நாளே பறப்பும் நிற்க வேண்டும். ஆசனத்தின் வெடிமருந்து முதலாகத் தவணையுள்ள பொருள் யாவும் தவணைக்குள் மாற்றப்பட வேண்டும். விமானம் வீழ்ந்தாலும் வெறுநிலத்திலோ கடலிலோ வீழுமாறு காட்சியின் எல்லை வகுக்கப்பட வேண்டும்.

இச்செலவைத் தாங்கமாட்டாதோர் என் செய்வது? அவுஸ்திரேலியாவின் தெமோரா நூதனசாலை, தான் பறக்கவிட்டு வந்த மீற்றியோர், கன்பரா முதலிய விமானங்களை 2019இல் அந்நாட்டு விமானப் படையிடமே ஒப்படைத்தது. அதுவும் இயலாதெனில் விமானம் தரையில் நிற்கட்டும். சரித்திரத்தைக் காக்க அது பறந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

வாங்கியவனுக்கு விமானம் சொந்தம், வானம் சொந்தமன்று. அதன் கீழே வீதியில் செல்பவனின் உயிரை எந்த அரசும் எவருக்கும் விற்றதில்லை.